அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை

ஸ்பிரிங்வேல்
14.03.2026

அன்புள்ள மகள் சுலாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நல்ல சுகம், அதுபோல உங்கள் மூவருடைய சுகத்தையும் அறிய ஆவல் என்றுதான் என் எல்லாக் கடிதங்களும் தொடங்கும். நீ சிட்னியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அப்பாவின் முதல் வரியைக் கவரை உடைக்காமலே சொல்லுவேன் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். இந்த முறை அந்த வரியில் பாதிதான் உண்மை. நான் சுகம். அம்மா இப்போது தேறி வருகிறார், ஆனால் தேற வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுபோனவன் நான். போன மாதம் வீடியோவில் பார்த்துவிட்டு அம்மாவின் தோள் எலும்பு ஏன் இப்படித் தெரிகிறது என்று கேட்டாய், மெல்பேர்ன் வெக்கைக்குச் சாப்பாடு இறங்குகிறதில்லை என்று சொல்லிவிட்டு, பேரன் லதீசின் படம் மாட்டியிருக்கிற சுவர்ப் பக்கம் போனைத் திருப்பினேன். அது பொய். வெக்கை காரணம் இல்லை. இதைப் போனிலே சொல்லலாம்தான், ஆனால் நடுவில் ஓரிடத்தில் நீ அப்பா என்று கூப்பிட்டால் நான் நிறுத்திவிடுவேன், மிச்சம் வெளியே வராது. அதனால் தபாலில் போடுகிறேன். தனியாக இருக்கிற நேரம் பார்த்து வாசி, மருமகன் ஜசிந்தனுக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

முதலில் வீட்டுச் செய்தி. பின்பக்க வேலி காற்றுக்குச் சரிந்துவிட்டது, பக்கத்து வீட்டு வியட்நாம்காரரும் நானுமாக நிமிர்த்தினோம், அவர் ஆணி அடித்தார், நான் மட்டம் பார்த்தேன், நாற்பது வருடம் வரைபடம் போட்டே சம்பளம் வாங்கிய ஆளுக்கு வேறென்ன தெரியும். என் முழங்கால் பழையபடிதான், படியேறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. பெரியப்பாவின் மகன் கிளென் வேவர்லியில் வீடு வாங்கிவிட்டான், பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, அதற்குள் நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வருகிற வீடாகப் பார்த்து வாங்கியிருக்கிறான். லதீஸ் நீந்தப் பழகியது நல்ல சந்தோசம், ஆனால் டார்வினில் நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள், ஆற்றங்கரை, கடற்கரை என்று கூட்டிக்கொண்டு திரியாதே, அங்கே முதலை இருக்கிறது என்று எழுதிய பலகைகளை நானே வந்தபோது கண்ணால் கண்டேன். இரவு வேலை முடித்துக் கார் ஓடும்போது நித்திரை வராமலிருக்க யன்னலைக் கொஞ்சம் திறந்து வை. நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும். சரி, சொல்கிறேன்.

உனக்குச் சிவசோதியை நினைவிருக்கும். போன வருடம் நீ வந்து நின்ற இரண்டு கிழமையும் திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பது மணிக்கு வந்து அம்மாவைக் குளிக்கவைத்து, தலை இழுத்துப் பின்னி, சாப்பாடு தீத்திவிட்டுப் போன பிள்ளை. 2012 இல் படகில் வந்தவள், பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இழுபட்டு, நிரந்தரம் கிடைத்த பிறகு பராமரிப்பு வேலைக்கான படிப்பை முடித்து அந்த நிறுவனத்தில் சேர்ந்தவள். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், ஓம், வேண்டாம், தண்ணி, சுலா என்று நாலு சொல் மட்டும் மிஞ்சியிருந்த நாட்களில் அவள் வந்தாள். அம்மாவுக்கு எப்படிச் சாப்பாடு கொடுக்க வேண்டுமென்று நீ பார்த்திருக்கிறாய், இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு மசித்து, சின்னக் கரண்டியால், தாடையைக் கீழே பதிக்கச் சொல்லி, விழுங்கி முடியும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் அடுத்த வாய். எனக்கு மூன்றாவது வாயிலேயே மணிக்கூட்டில் கண் போய்விடும். சிவசோதி முக்கால் மணித்தியாலம் அப்படியே குந்தியிருப்பாள். தன் மகள் பள்ளிக்கூடத்தில் செய்த குழப்படி, பஸ்ஸில் கண்ட சண்டை, கடைக்காரன் மீனைத் திருப்பிக் காட்டி ஏமாற்றப் பார்த்தது எல்லாவற்றையும் அம்மாவுக்குக் கதையாகச் சொல்லுவாள். அம்மா சிரிப்பார், சிரித்து முடியும்வரை கரண்டி கோப்பைக்கு மேலேயே நிற்கும். ஒன்றரை வருடத்தில் அம்மாவுக்கு ஐந்தாவது சொல் ஒன்று வந்தது. அது, சோதி.

வந்த முதல்நாளே நான் அவளிடம் ஊர் எவடம் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நாங்கள் எதற்குக் கேட்கிறோம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அவள், யாழ்ப்பாணந்தான் அங்கிள், இடம்பெயர்ந்து கனகாலம் வன்னியிலை இருந்தனாங்கள் என்று சொல்லிவிட்டு, அன்ரியின்ரை மருந்து லிஸ்ட் எங்கை என்று கேட்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. நாங்கள் சாதியெல்லாம் பார்க்கிற ஆக்கள் இல்லை என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன், நீ பன்னிரண்டு வயதில் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் சமத்துவம் பற்றிப் பேசினாயே, அந்தப் பேச்சை எழுதித் தந்ததே நான்தான். தெரியாமல் இருந்தவரைக்கும் பார்க்கவில்லை. என் பெருமையின் கனம் அவ்வளவுதான் மகள்.

நவம்பரில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சிறிதரன் வந்திருந்தான், என்னோடு டண்டினோங் தொழிற்சாலையில் வேலை செய்தவன், உனக்கு அவனைக் கண்டாலே பிடிக்காது, அதற்குக் காரணம் இருந்திருக்கிறது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, உன்ரை வீட்டை வாற பிள்ளை ஆர் எண்டு தெரியுமோ, எங்கடை பக்கத்து ஊர் இன்னாற்றை பேத்தி, அவளைப் போய்க் குசினிக்கை விட்டிருக்கிறாய் என்றான். பிறகு ஒரு சொல் சொன்னான். அந்தச் சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். நீ எந்தக் காலத்திலை இருக்கிறாய் எண்டு கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் எழும்பி வந்தேன். ஆனால் திங்கட்கிழமை சிவசோதி குசினியில் நின்று சொதிச் சட்டியைத் திறந்தபோது என் கண் சட்டியில் இல்லை, அவளுடைய கையில் இருந்தது. எனக்கு எழுபத்தேழு வயது, முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், அந்தக் கை ஒன்றரை வருடமாக என் மனைவிக்குச் சோறு தீத்திய கை. அப்படியிருந்தும் அந்தக் கை சட்டியில் படாமல் இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. அது எங்கே இத்தனை நாளும் கிடந்தது என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு நீலக் கோடு போட்ட கோப்பை ஒன்றை அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்தேன், மற்றதெல்லாம் கழுவவில்லை என்றேன். புதன்கிழமையும் கழுவவில்லை என்றேன். அவள் அதிலேயே குடித்துவிட்டு, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அதே மாதத்தில்தான் அரசாங்கம் வயோதிபர்களுக்கான வீட்டுப் பராமரிப்பு முறையை மாற்றியது, நீயும் அந்த வேலையில் இருப்பவள், உனக்கு என்னைவிடத் தெரியும். நிறுவனத்திலிருந்து பார்கவி வந்தாள், அவள்தான் இப்போது எங்களுக்குப் பொறுப்பு, சென்னைப் பிள்ளை, டார்னெய்ட்டிலிருந்து இவ்வளவு தூரம் கார் ஓடி வருகிறாள், நல்ல சுறுசுறுப்பு. இனிமே எல்லாமே உங்க சாய்ஸ்தான் அங்கிள், யார் வரணும், எப்ப வரணும், என்ன செய்யணும், நீங்க சொல்றதுதான் என்றாள். அம்மா பக்கத்தில் சில்லுக் கதிரையில் இருந்தார். பார்கவி அவரைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் கேள்வியெல்லாம் என்னிடம்தான் கேட்டாள், ஏனென்றால் அம்மாவுக்காகப் பேசுகிறவர் என்று அவர்களுடைய பதிவில் என் பெயர்தான் இருந்தது. ஆளை மாற்றுவதென்றால் காரணம் சொல்ல வேண்டுமோ என்று கேட்டேன். அவசியமே இல்ல அங்கிள், உங்க கம்ஃபர்ட்தான் முக்கியம் என்றாள். நான் அவளைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அம்மாவுக்குக் கேட்காத மாதிரி, சிவசோதியின்ரை கை எங்கடை வீட்டுச் சமையல் பழக்கவழக்கத்துக்கு ஒத்துவரேல்லைப் பிள்ளை, வேறை ஆளைப் பாருங்கோ, தமிழ் ஆளாத்தான் இருக்கவேணும் எண்டில்லை என்றேன். அவள் கையிலிருந்த கணினிப் பலகையில் கலாசார விருப்பம் என்றிருந்த கட்டத்தைத் தட்டினாள். அதில் ஏதோ இரண்டு வரி எழுதினாள். ரொம்ப தேங்க்ஸ் அங்கிள், இப்படி ஓப்பனா சொன்னாத்தான் எங்களால உதவி பண்ண முடியும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் இதைச் செய்திருந்தால் யாராவது ஒருத்தன் முகத்துக்கு நேரே காறித் துப்பியிருப்பான். இங்கே எனக்கு நன்றி சொன்னார்கள்.

சிவசோதிக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்தாள், திங்கள் வாறன் அன்ரி என்று அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள், நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தேன். சனிக்கிழமை அவளுக்குப் போனில் தகவல் போயிருக்கிறது. அம்மாவிடம், சோதி தாயைப் பார்க்க ஊருக்குப் போட்டா, லீவு முடிய வருவா என்று சொன்னேன். அதன் பிறகு பத்துக் கிழமையில் ஒன்பது பேர் வந்தார்கள். எல்லோரும் தங்கமான ஆக்கள், ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். பிலிப்பீன்ஸ் பெண் ஒருத்தி அம்மாவின் காலுக்குக் கிறீம் பூசி எவ்வளவோ அன்பாகக் கதைத்தாள், நேபாளத்திலிருந்து படிக்க வந்த ஒரு பிள்ளை இடியப்பம் என்றால் என்னவென்று என்னைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டது. ஆனால் அம்மா வாயைத் திறக்கவில்லை. குளிக்க மாட்டேனென்று இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார், அந்த ஒரு கைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். திங்கள், புதன், வெள்ளி ஒன்பது மணிக்கு வாசலைப் பார்ப்பார். சோதி என்பார். லீவு முடியேல்லை என்பேன். நான் தீத்தப் பார்த்தேன், நாலு வாய்க்கு மேல் போகவில்லை, ஒருநாள் கோபத்தில் கரண்டியை மேசையில் அடித்தேன், சொதி தெறித்து அவருடைய நைட்டியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உனக்கு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. டொக்டர் நிறுத்துப் பார்த்துவிட்டு ஐந்து கிலோ குறைந்துவிட்டது, இப்படியே போனால் வயிற்றுக்குள் குழாய் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று சொன்னார். அப்போதும் டொக்டரிடம், எல்லோரும் மாறி மாறி வருகிறார்கள், அதுதான் பிரச்சினை என்று புதிய முறையின் தலையில் பழியைப் போட்டேன்.

பிறகு ஒருநாள் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில், மீன் வாங்கிக்கொண்டு வரும்போது, பஸ் தரிப்பில் சிவசோதி நின்றாள். நான் பார்க்காத மாதிரிக் கடந்து போகத்தான் நினைத்தேன், அவள்தான் முதலில் கண்டு கிட்ட வந்தாள். கோழி வெட்டிப் பொதிசெய்கிற தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தாள், விரல் நுனியெல்லாம் தொழிற்சாலைக் குளிரில் வெடித்திருந்தது. ஏன் என்னை மாத்தினீங்கள் என்று கேட்பாள் என்று பதில் தேடிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது, அன்ரி விழுங்கிறாவோ அங்கிள், இருமல் ஒண்டும் இல்லையோ. நல்லாச் சாப்பிடுறா என்று சொன்னேன். தாடையைப் பதிக்கச் சொல்லிக் குடுங்கோ, அவசரப்பட்டா நெஞ்சுக்கை போயிடும் என்றாள். பஸ் வந்தது, போட்டு வாறன் என்று ஏறிவிட்டாள். மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தரிப்பு வாங்கிலேயே இருந்துவிட்டேன்.

அவள் ஏன் கோழித் தொழிற்சாலையில் நிற்கிறாள் என்று பார்கவிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நல்ல சம்பளத்துக்கு மாறியிருப்பாள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பார்கவி, அவங்களுக்கு வேலை அவர்ஸ் இல்லாமப் போச்சு அங்கிள், இப்பல்லாம் கிளையண்ட் கேட்டாத்தான் வேலை, உங்க நோட் வந்ததுக்கப்புறம் தமிழ் வீடுகளுக்கு அவங்க சரிவர மாட்டாங்கன்னு மத்த மூணு வீட்லயும் ஆளை மாத்திட்டோம், இங்கிலீஷ் பேசற வீடுகளுக்கு அவங்க லாங்குவேஜ் பத்தாது என்றாள். மகள், நான் ஒரு வீட்டுக் கதவைத்தான் மூடினேன் என்று நினைத்தேன், நான் சொன்ன ஒரு பொய் கலாசாரம் என்ற பெயரோடு ஊர் முழுக்க அவளுக்கு முன்னால் போய் எல்லாக் கதவையும் மூடியிருக்கிறது. நீ டார்வினுக்குப் போன முதல் வருடம் ஞாபகம் இருக்கிறதா, அந்த முதியோர் இல்லத்தில் ஒரு கிழவன், இவளுடைய கை வேண்டாம், வேறு ஆளை அனுப்பு என்று உன் நிறத்தைப் பார்த்துச் சொன்னான் என்று நீ போனில் அழுதாய். நான் அன்றைக்கு எப்படித் துள்ளினேன், முறைப்பாடு எழுது, மந்திரிக்கு எழுது, உன்ரை கையைத் தொட அவன் குடுத்து வைக்கேல்லை என்றெல்லாம் சொன்னேன். அந்தக் கிழவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது. அவன் உன் முகத்துக்கு நேரே சொன்னான். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

பார்கவியை வீட்டுக்கு வரச் சொன்னேன். இந்தத் தடவை குசினிக்குள் கூட்டிக்கொண்டு போகவில்லை, வாசலிலேயே வைத்து உண்மைக் காரணத்தைச் சொன்னேன். தமிழ்நாட்டுப் பிள்ளை, ஒரு வசனத்தில் விளங்கிக்கொண்டாள். பிறகு, நான் அதைக் கல்ச்சர்னு எழுதினேனே அங்கிள் என்றாள். என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், அவள் தன்னைத்தான் நொந்துகொண்டாள். அந்தக் குறிப்பை நீக்குவதாகவும், தவறான காரணம் என்று எழுதுவதாகவும், மற்ற வீடுகளோடு தானே கதைப்பதாகவும் சொன்னாள், ஆனால் சிவசோதி திரும்ப வருவதும் வராததும் அவளுடைய முடிவு, அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னாள். என் தொலைபேசி இலக்கத்தைச் சிவசோதிக்குக் கொடுத்து, சந்திக்க விருப்பமா என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து, ஞாயிறு பின்னேரம் வரலாம் என்று சிவசோதியிடமிருந்து செய்தி வந்தது, விலாசமும் இருந்தது.

போனேன். மூன்றாம் மாடி, படியேறி மூச்சு வாங்கியபடி நின்றேன். கதவைத் திறந்து, வாங்கோ அங்கிள், இருங்கோ என்று கதிரை காட்டினாள். அவளுடைய மகள் படித்துக்கொண்டிருந்தது, அதை உள்ளே போகச் சொன்னாள். நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன், சிறிதரனின் தலையில் போடாமல் சொன்னேன், மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகு, எனக்கு அண்டைக்கே தெரியும் அங்கிள், கோப்பையைத் தனிய எடுத்து வைச்ச அண்டைக்கே விளங்கிட்டுது, அன்ரிக்காகத்தான் பேசாமல் இருந்தனான் என்றாள். எங்கள் ஆக்களின் வீட்டுக்கு ஒரு மனிதர் போனால், பகையாளியாக இருந்தாலும், கதிரையில் இருந்து ஐந்து நிமிடத்துக்குள் தேத்தண்ணீர் வரும், உனக்குத் தெரியும். அவள் அதைப் பற்றியும் சொன்னாள். குறை நினைக்காதேங்கோ, தேத்தண்ணி போடேல்லை, நீங்கள் குடிப்பீங்களோ எண்டு எனக்குத் தெரியேல்லை என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை மகள், உண்மையாகவே தெரியாமல் சொன்னாள். குடிப்பன் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதைச் சொல்லிப் பெரிய மனிதனாகிவிட நான் யார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை. நான் எழும்பும்போது அவள், உங்களுக்காக நான் வரமாட்டன் அங்கிள், அன்ரி கேட்டா வருவன், இவ்வளவு நடந்ததிலை அன்ரியை ஆரும் ஒரு சொல் கேட்டவையோ என்றாள். இல்லை என்றேன். முதல் அவவுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருந்து சொன்னேன். சோதி ஊருக்குப் போகவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். பேச்சு இல்லாத ஆள், ஆனால் விளங்காத ஆள் இல்லை, இந்த மூன்று வருடத்தில் நானே பல தடவை அதை மறந்துபோயிருக்கிறேன். அம்மா அழவில்லை. இடது கையை என் கைக்குள்ளிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். சோதியை வரச் சொல்லட்டோ என்று கேட்டேன். ஓம் என்றார், மூன்று தரம் சொன்னார். புதன்கிழமை சிவசோதி வந்தாள். அவளைக் கண்டதும் அம்மா அழுத அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு ஒரு முழு இடியப்பமும் இரண்டு கரண்டி சொதியும் இறங்கியது, இப்போது இரண்டு இடியப்பம், ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது, குழாய்க் கதை இப்போதைக்கு இல்லை. சிவசோதிக்கு மற்ற மூன்று வீட்டில் இரண்டு வீடு திரும்பக் கிடைத்துவிட்டது, மூன்றாவது வீட்டுக்காரர், மாறி வந்த ஆளே போதும் என்று சொல்லிவிட்டார்களாம். தனக்கு வேண்டிய தேத்தண்ணீரை அவள் இப்போது பிளாஸ்கில் கொண்டுவருகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் இருக்கிற இரண்டு மணித்தியாலமும் நான் குசினிப் பக்கம் போவதில்லை, முன்வாசலில் இருந்து பேப்பர் பார்க்கிறேன், உள்ளே இருந்து கதையும் சிரிப்பும் கேட்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பார்கவி திரும்ப வந்தாள். இந்த முறை படம் போட்ட அட்டைகள் கொண்டுவந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள். காலையா மாலையா, குளிக்க வார்ப்பது யார், எந்த நாள், என்ன சாப்பாடு. அம்மா இடது கை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார், தப்பாக விளங்கினால் வேண்டாம் என்றார், ஒரு மணித்தியாலம் எடுத்தது, அம்மாவின் முகம் சிவந்துபோய்விட்டது, ஆனால் விடவில்லை. கடைசியில் பார்கவி, உங்களால சொல்ல முடியாத நேரத்துல உங்களுக்காக யார்கிட்ட கேக்கணும் ஆன்ட்டி, அங்கிள்கிட்டயே கேக்கட்டுமா என்று கேட்டாள். அது சும்மா ஒரு சடங்குக் கேள்வி என்று நினைத்து நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம் என்றார். பார்கவி திரும்பக் கேட்டாள், பாவம், எனக்காகத்தான் திரும்பக் கேட்டாள். வேண்டாம், சுலா, என்றார் அம்மா.

ஐம்பது வருடமாக எல்லாத் தாளிலும் அம்மாவுக்காக நான்தான் கையெழுத்துப் போட்டு வந்தேன், நாங்கள் வீடு வாங்கியது, இந்த நாட்டுக்கு வந்தது, அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தது என்று எல்லாவற்றுக்கும். அவரிடம் கேட்டேனா என்று இப்போது யோசித்தால் ஒரு தடவையும் நினைவுக்கு வரவில்லை. முதல் தடவையாக ஒருவர் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது. கோபத்தில் சொன்னது, ஆறினால் மாற்றுவார் என்று ஒரு சமாதானம் எனக்குள்ளே எழும்பியது, நேற்று அவரிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். சிரித்தார், பழையபடி என் கையைப் பிடித்தார், ஆனால் பதில் மாறவில்லை. என் மேல் அன்பு இல்லாமல் இல்லை மகள், நம்பிக்கைதான் இல்லை. அவர் சரியாகத்தான் தெரிவு செய்திருக்கிறார். அதை உன்னிடம் சொல்ல நான் வெட்கப்படுகிறேன், ஆனால் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய வெட்கம்.

அம்மாவுக்காகப் பேசுகிறவராக உன்னைப் பதிவதற்குப் பார்கவி உனக்கு ஒரு படிவம் அனுப்புவாள். அப்பாவுக்கு மனம் நோகும் என்று பார்த்துக்கொண்டு கிடப்பில் போட்டுவிடாதே, பார்கவியிடம் என்னைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லி மாற்றப் பார்க்கவும் வேண்டாம். நீ கூப்பிடும்போது இனி என்னோடு பேசி அம்மாவைப் பற்றிக் கேட்காதே, அம்மாவிடமே கேள், நான் போனை அவரின் காதில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறேன். பதில் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அவசரப்படாதே. வருகிற முறை நீ வரும்போது, சிவசோதியின் வீட்டுக்கும் ஒரு தடவை நேரே போ, எனக்காக மன்னிப்புக் கேட்க அல்ல, சும்மா போ, போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வா. லதீசுக்கு இந்தக் கதையை இப்போது சொல்ல வேண்டாம், ஆனால் வளர்ந்த பிறகு மறைக்காதே, தாத்தாவைப் பற்றி அவன் நல்லது மட்டும் தெரிந்து வளர வேண்டிய அவசியம் இல்லை.

உனக்கும் ஜசிந்தனுக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் துணை நிற்கட்டும், உன்னுடைய கை தொட்ட கிழவர்கள் எல்லோரும் உன்னை வாழ்த்தட்டும், என் வாழ்த்தையும் அதற்குள் எங்கேயாவது ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொள். படிவத்தை மறக்காதே, மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். அதில், இதுவரை அவருக்காகப் பேசியவர் நீக்கப்படுகிறார் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அந்த இடத்தில் என் பெயரை நீதான் எழுத வேண்டும். கை கூசாமல் எழுது மகள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வரதராஜா